வேலையிடத்தில் விசுவாசம்: எட்டு வார இணைய வகுப்பு எப்படி இருந்தது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சேரலாம். கிறிஸ்தவர்களுக்கான இணைய வகுப்புகள் ஏராளமாக இருக்கின்றன, அதில் பாதிக்கு மேல் ஒரு பிரசங்கத்தை வீடியோவாகப் போட்டு அடியில் நாலு கேள்வியை ஒட்டிவிட்டு 'பயிற்சி' என்று பெயர் வைத்துக்கொள்கின்றன. இது அந்த வகை இல்லை. வாரத்துக்கு ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், வீடியோ அழைப்பில் பத்துப் பன்னிரண்டு பேர், எட்டு வாரம். விசுவாசத்தைத் தைரியமாக வாழ்வது என்பதுதான் தலைப்பு. ஆனால் கைப்பிரதி கொடுக்கவோ, இணையத்தில் யாரோடாவது வாதாடி ஜெயிக்கவோ இங்கே யாரும் சொல்லித்தரவில்லை. திங்கட்கிழமை காலையில் மேலாளர் ஒரு பொய்க் கணக்கில் கையெழுத்துக் கேட்கும்போது நீ என்ன சொல்வாய், எந்த வார்த்தையில் சொல்வாய், சொன்ன பிறகு என்ன ஆகும், அப்போது உன்னோடு யார் இருப்பார்கள். இதைச் சுற்றித்தான் எட்டு வாரமும் போகிறது. கடைசிக் கேள்விக்கு மட்டும் வகுப்பு முழுதாகப் பதில் சொல்லவில்லை, அதைப் பிறகு எழுதுகிறேன்.

நடத்துகிறவர்கள் ஒரு சின்னக் குழு. விளம்பரம் செய்வதில்லை, தெரிந்தவர்கள் சொல்லித்தான் ஆட்கள் சேருகிறார்கள், அதனால் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி ஒன்றை உங்கள் சபையில் தொடங்கினால் எதைப் பார்த்துச் சேர வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

முதல் வாரம் இயேசுவின் சீஷர் பேதுரு. வழக்கமாகப் பேதுரு இயேசுவை மறுதலித்ததைச் சொல்லி நம்மைக் குற்றவாளிகள் ஆக்கிவிட்டுத்தான் இப்படிப்பட்ட வகுப்புகள் ஆரம்பிக்கும். இங்கே யோவான் 18ஆம் அதிகாரத்தின் இரண்டு வசனங்களை மட்டும் திரையில் அருகருகே போட்டார்கள். ஒன்று 10ஆம் வசனம்: ஆயுதங்களோடு வந்த கூட்டத்தின் முன்னால் பேதுரு பட்டயத்தை உருவி மல்குஸ் என்பவனுடைய காதை வெட்டுகிறார். இன்னொன்று 17ஆம் வசனம்: வாசல் காக்கிற வேலைக்காரப் பெண் ஒருத்தி, நீயும் அந்த மனுஷனுடைய சீஷரில் ஒருவனல்லவா என்று கேட்கிறாள், நான் அல்ல என்கிறார். இரண்டும் ஒரே இரவு, நடுவில் ஆறே வசனம். "இதுல எது உங்களுக்குக் கஷ்டம்?" என்று வகுப்பை நடத்திய அண்ணன் கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு அக்கா சொன்னார்: "என் விசுவாசத்தைத் திட்டி யாராவது சண்டைக்கு வந்தா நின்னு பேசிடுவேண்ணே. இடைவேளையில சிரிச்சுக்கிட்டே 'நீங்க எல்லாத்துக்கும் ஜெபம் பண்ணுவீங்களாமே'னு கேட்பாங்க பாருங்க, அப்பதான் வாய் அடைச்சுப் போகுது." அதற்குப் பிறகு எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்களில் யாருக்கும் உயிர் பயம் இல்லை. இருந்தது எல்லாம் கேலிக்குப் பயம், ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம், 'இவன் ஒரு மாதிரி' என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம். இதைப் பெயர் சொல்லிப் பேச ஒரு இடம் கிடைத்ததற்கே முதல் வாரத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அடுத்தது தானியேல். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல். பயிற்சி ஏட்டில் சிங்கக் கெபியில் ஒரு வாலிபனை வரைந்து வைத்திருக்கிறார்கள். தானியேல் சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனது கி.மு. 605 வாக்கில். சிங்கக் கெபி சம்பவம் 6ஆம் அதிகாரத்தில், கி.மு. 539இல் பாபிலோன் விழுந்த பிறகு, தரியு ராஜாவின் காலத்தில் வருகிறது. கணக்குப் போட்டால் அப்போது அவருக்கு எண்பது வயதாவது இருக்கும். படம்தானே என்று விட்டுவிடலாம்தான், ஆனால் இங்கே வயது முக்கியம். முப்பது நாள் தன்னைத் தவிர யாரிடமும் எதையும் வேண்டிக்கொள்ளக் கூடாது என்ற கட்டளையில் ராஜா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று தெரிந்தும் தானியேல் வீட்டுக்குப் போய் எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் திறந்திருக்க, 'தான் முன் செய்துவந்தபடியே' தினம் மூன்று வேளையும் ஜெபித்தார் என்று வேதம் சொல்கிறது. எதிர்ப்பைக் காட்டுவதற்காக அன்றைக்குப் புதிதாக ஜன்னலைத் திறக்கவில்லை. பல பத்தாண்டுகளாகத் திறந்து வைத்திருந்ததை அன்றைக்கு மூடவில்லை, அவ்வளவுதான் அவர் செய்தது. வாலிபனின் படத்தைப் போட்டால் இந்த இடமே கைநழுவிப் போய்விடுகிறது, திடீரென்று வந்த ஆவேசம் மாதிரி ஆகிவிடுகிறது. நல்லவேளை, வகுப்பில் அண்ணனே இதைச் சொல்லிப் படத்தைத் திருத்தப்போவதாகச் சொன்னார். அந்த வாரத்து வீட்டுப்பாடமும் இதையொட்டித்தான்: யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் செய்கிற ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடு, பொது இடத்தில் சாப்பிடும் முன் தலைகுனிந்து ஜெபிப்பது மாதிரி ஒன்று, அதைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். கூட்டவும் வேண்டாம் என்றார்களே, அது எனக்குப் பிடித்தது. ஜெபத்தைக் காட்சிப்பொருளாக்குவதும் பயத்தின் இன்னொரு வடிவம்தான் என்று நினைக்கிறேன்.

இனி இந்த வகுப்பின் உயிர்நாடிக்கு வருகிறேன். மூன்றாவது, நான்காவது வாரங்கள் முழுக்க ஜோடிப் பயிற்சி. இரண்டு இரண்டு பேராகப் பிரித்துத் தனி அறைகளுக்கு அனுப்புகிறார்கள். ஒருவர் மேலாளராக நடிப்பார், மற்றவர் அவராகவே இருப்பார். ஒரு சூழ்நிலை கொடுக்கிறார்கள், உதாரணத்துக்கு, போன வாரமே முடித்திருக்க வேண்டிய பரிசோதனை முடியவில்லை, முடிந்ததாகப் பழைய தேதி போட்டுக் கையெழுத்து வேண்டும். மனதுக்குள் நினைத்துப் பார்ப்பதெல்லாம் செல்லாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், முதல் தடவை பேசும்போது பாதிப் பேருக்குக் குரல் வரவில்லை, மீதிப் பேர் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார்கள். "நான் ஒரு விசுவாசி, பொய் சொன்னா என் மனசாட்சி..." என்று ஒருவர் தொடங்க, மேலாளராக நடித்தவர் நடுவிலேயே வெட்டினார்: "அப்ப நாங்க எல்லாரும் மனசாட்சி இல்லாதவங்களா?" இது நடிப்புதான், ஆனால் நிஜத்திலும் அச்சு அசலாக இப்படித்தான் நடக்கும்.

மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகு வாக்கியம் சுருங்குகிறது. கடைசியில் எங்கள் ஜோடி வந்து நின்ற இடம் இதுதான்: "சார், இந்தத் தேதியைப் போட்டு என்னால கையெழுத்துப் போட முடியாது. இன்னைக்குத் தேதியில போட்டுத் தரேன், தாமதத்துக்கான காரணத்தையும் நானே எழுதிடறேன்." மறுபக்கத்திலிருந்து, "எல்லாரும் போடுறாங்க, உனக்கு மட்டும் என்ன?" அதற்குப் பதில், "எனக்கு முடியல சார், என் விசுவாசத்துக்கு அது ஒத்துவராது. வேலையை இன்னைக்கே முடிச்சுக் கொடுத்துடறேன்." பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த வாயை மூடிக்கொள்வதற்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? சொன்ன பிறகு வருகிற அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் நாம் மன்னிப்புக் கேட்டுச் சமாளிக்கிறோம், அல்லது எதிராளியைக் குற்றப்படுத்த ஆரம்பிக்கிறோம். ஒரு தடவை சொல், மரியாதையோடு சொல், மாற்று வழியைக் கையோடு கொடு, நிறுத்து. இவ்வளவையும் 1 பேதுரு 3:15இல் நிறுத்திக் காட்டினார்கள். அங்கே யாவருக்கும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று மட்டும் இல்லை, 'விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்' என்று இருக்கிறது, 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' என்றும் இருக்கிறது. கேட்காதவரிடம் நீளமாகப் பேசுவதும் கேட்டவரிடம் முழுங்குவதும்தான் நம்மில் பலருடைய பழக்கம், இந்த இரண்டு வாரமும் அதைத் தலைகீழாக மாற்றப் பார்க்கின்றன.

புறம் பேசுவதற்கும் இதே மாதிரி ஒரு சுற்று வைத்தார்கள். பொய்க் கணக்கை விட இது கடினம் என்பது என் கருத்து, ஏனென்றால் இங்கே நம்மை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, சும்மா சிரித்தால் போதும். இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சு வரும்போது "அவங்ககிட்டயே கேட்டுடலாமே" என்று ஒரு வரி சொல்வதற்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருக்கிறது என்று நடித்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

ஐந்தாவது வாரம், சரித்திரத்தில் தைரியமாக வாழ்ந்தவர்கள். இது ஏற்ற இறக்கமாக இருந்தது. ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடலைச் சொன்ன விதம் அருமை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவர் ஓடவில்லை என்பது பலருக்கும் தெரியும். அந்த முடிவைக் கடைசி நிமிடத்தில் எடுக்கவில்லை, அட்டவணை தெரிந்து மாதக்கணக்கில் முன்பே எடுத்துவிட்டார், அதனால்தான் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுக்க நேரம் கிடைத்தது, 47.6 விநாடியில் தங்கமும் கிடைத்தது. ஜோடிப் பயிற்சிக்கு அடுத்த வாரமே இது வந்தது நல்ல வரிசை, முன்கூட்டியே முடிவெடுத்து வைப்பது என்றால் என்ன என்று கண்முன்னால் தெரிகிறது. தங்கத்தோடு நிறுத்திவிடாமல் அதன் பிறகு அவர் சீனாவுக்குப் போய் ஆசிரியராக வேலை செய்ததையும், 1945இல் ஜப்பானியர்களின் முகாமில் கைதியாக இறந்ததையும் சொன்னார்கள். கீழ்ப்படிந்தால் பதக்கம் நிச்சயம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது இல்லையா.

நெதர்லாந்தைச் சேர்ந்த கோரி டென் பூம் பகுதியும் மனதில் நிற்கிறது. யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியதற்காக 1944இல் குடும்பத்தோடு கைதானவர், ராவன்ஸ்ப்ரூக் என்ற நாஜி முகாமில் அக்கா பெட்சி இறந்துபோனார். 1947இல் மியூனிக்கில் ஒரு சபையில் பேசி முடித்தபோது அந்த முகாமின் முன்னாள் காவலாளி ஒருவர் வந்து மன்னிப்புக் கேட்டுக் கையை நீட்டினார். கோரிக்குக் கை எழும்பவில்லை. மனதில் மன்னிப்பு துளிகூட இல்லாமல், உதவி கேட்டு உள்ளுக்குள் ஜெபித்துக்கொண்டே கையைத்தான் முதலில் நீட்டினார், உணர்வு பின்னால் வந்தது. மன்னிப்பதைத் தைரியத்தின் கணக்கில் சேர்த்த வகுப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபரை மட்டும் அவசர அவசரமாக ஓட்டிவிட்டார்கள். 1945 ஏப்ரல் 9, ஃப்ளோசன்பூர்க் முகாம், தூக்கு, முடிந்தது. இதைக் கேட்டுவிட்டு அடுத்த நாள் அலுவலகம் போகிறவருக்கு என்ன கிடைக்கும்? தனியாளாக நின்ற ஒரு வீரர் என்ற பிம்பம்தான் மிஞ்சும். சொல்லியிருக்க வேண்டியது அதற்குப் பத்து வருஷம் முந்திய கதை. 1935இலிருந்து ஃபின்கன்வால்டே என்ற இடத்தில் இளம் போதகர்களோடு ஒரே கூரையின் கீழ் தங்கி, சேர்ந்து ஜெபித்து, ஒருவர் பாவத்தை ஒருவரிடம் அறிக்கையிட்டு, அந்தப் பள்ளியை 1937இல் நாஜி இரகசியப் போலீஸான கெஸ்டாபோ இழுத்து மூடும் வரை அவர் நடத்தினார். அவருடைய தைரியம் தனி அறையில் முளைத்தது அல்ல. இந்தப் பகுதிக்கு ஒரு முழு வாரம் கொடுக்கலாம் என்று கருத்துப் படிவத்திலும் எழுதினேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆறாவது வாரம், யூதருக்குள்ளே அதிகாரியாக இருந்த நிக்கொதேமு. யோவான் சுவிசேஷத்தில் மூன்று இடத்தில்தான் வருகிறார். 3ஆம் அதிகாரத்தில் இரவில் இயேசுவிடம் வருகிறார். 7ஆம் அதிகாரத்தில் ஆலோசனைச் சங்கத்தார் நடுவில், ஒருவன் சொல்வதைக் கேட்காமல் அவனைக் குற்றவாளி என்று தீர்க்கலாமா என்று ஒரே ஒரு சட்டக் கேள்வி எழுப்புகிறார், உடனே "நீரும் கலிலேயனோ" என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார். 19ஆம் அதிகாரத்தில், சீஷர்கள் சிதறிப்போன நேரத்தில், இயேசுவை அடக்கம் செய்ய ஏறக்குறைய நூறு இராத்தல் (முப்பது கிலோவுக்கு மேல்) வெள்ளைப்போளமும் கரியபோளமும் எடுத்துக்கொண்டு வருகிறார். அந்த எடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், மறைத்துக்கொண்டு போகவே முடியாது. இரவில் வந்தவர் என்று அவரைக் குறைத்துப் பேசியே நமக்குப் பழகிவிட்டது. இவர்கள் மூன்றையும் ஒரு கோட்டில் வைத்து, நீ இப்போது எந்த இடத்தில் நிற்கிறாய், அடுத்த படி எது என்று கேட்டார்கள். வீட்டில் தான் மட்டும் விசுவாசியாக இருக்கும் ஒரு தம்பி இதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன், அன்றைக்குத்தான் பேசினான். ஒளிந்து வேதம் வாசிக்கிறேன், இது மறுதலிப்பா என்று கேட்டான். இல்லை, நீ 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறாய், உனக்கு இன்னும் 7 இருக்கிறது, 19 இருக்கிறது என்று அண்ணன் சொன்னார். அவனை அவசரப்படுத்தவில்லை. வீட்டில் அடிதடி ஆகும் என்றால் அதையெல்லாம் யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்றும் தெளிவாகச் சொன்னார். அந்தப் பொறுப்புணர்ச்சிக்காகவே இந்த வகுப்பை நம்பலாம். பயமுள்ள ஆவியைக் கொடாமல் பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார் என்கிற 2 தீமோத்தேயு 1:7ஐ மேற்கோள் காட்டாத தைரிய வகுப்பு இல்லை, ஆனால் பலத்தோடு நிறுத்திவிடாமல் தெளிந்த புத்தி வரைக்கும் வாசிக்கிறவர்கள் குறைவு.

ஏழாவது வாரம் வாட்ஸ்அப், சமூக ஊடகம். தேறவில்லை. வசனப் படம் பகிர்வது சாட்சியா என்று அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பேசினோம், எந்த முடிவுக்கும் வரவில்லை. வெறுப்பைப் பரப்பும் ஒரு செய்தி குடும்பக் குழுவில், அதுவும் பெரியவர் ஒருவரிடமிருந்து வந்தால் என்ன எழுதுவது? இதற்கு ஒரு ஜோடிப் பயிற்சி வைத்திருந்தால் எவ்வளவு பயனாக இருந்திருக்கும்.

கடைசி வாரம் அப்போஸ்தலர் 4. பேதுருவையும் யோவானையும் யூதத் தலைவர்கள் மிரட்டி அனுப்பிவிடுகிறார்கள், இவர்கள் இருவரும் தங்களைச் சேர்ந்தவர்களிடம் வந்து நடந்ததைச் சொல்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கிறார்கள். மிரட்டல் நிற்க வேண்டும் என்று அந்த ஜெபத்தில் கேட்கவே இல்லை, வசனத்தை 'முழு தைரியத்தோடும்' சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டார்கள். இதை நன்றாக விளக்கினார்கள். அப்போது ஒருவர் கேட்டார், ஒப்பந்த வேலையில் இருப்பவர்: "நான் முடியாதுனு சொன்னா அடுத்த மாசம் என்னைக் கூப்பிட மாட்டாங்கண்ணே. பிள்ளைங்களுக்கு யாரு?" பதிலாக தானியேல் 3ஐக் காட்டினார்கள், தேவன் 'விடுவிக்காமற்போனாலும்' ராஜா வைத்த சிலையை வணங்க மாட்டோம் என்று சொன்ன மூன்று பேரை. அந்த வசனத்தை நானும் முழு மனதோடு நம்புகிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை. மேலாளர் பதவியில் சேமிப்போடு இருப்பவர் கொடுக்கிற விலையும் மாதாமாதம் வேலைக்குக் காத்திருப்பவர் கொடுக்கிற விலையும் ஒன்றா?

வருத்தம் என்னவென்றால், பதில் அதே பக்கத்தில் இருந்தது. வகுப்பு அப்போஸ்தலர் 4இன் 31ஆம் வசனத்தில் நிறுத்திக்கொண்டது, தைரியமாய்ச் சொன்னார்கள் என்பதோடு. தொடர்ந்து 35 வரைக்கும் வாசித்திருந்தால், அவர்கள் தங்களுக்குள்ள சகலத்தையும் பொதுவாக வைத்து அனுபவித்ததும், நிலமும் வீடும் உள்ளவர்கள் விற்றுக் கொண்டுவந்ததும், அவரவருக்குத் தேவையானபடி பகிர்ந்ததும் வந்திருக்கும். தைரியமாகப் பேசியவருடைய வீட்டில் அடுப்பு எரிவதற்கு மற்றவர்கள் பொறுப்பெடுத்தார்கள். நிக்கொதேமுவும் கல்லறைக்குத் தனியாக வரவில்லை, இன்னொரு மறைவான சீஷரான அரிமத்தியா யோசேப்போடு வந்தார். தானியேலும் 2ஆம் அதிகாரத்தில் நெருக்கடி வந்தபோது ராஜாவிடம் தவணை கேட்டுவிட்டு நேராகப் போனது தன் தோழர்களிடம்தான். எட்டு வாரமும் இது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, பாடமாக மட்டும் ஆகவில்லை. ஒருவர் உண்மைக்காக வேலையை இழந்தால் அவருக்கு மூன்று மாதம் தோள் கொடுக்க நாம் என்ன ஏற்பாடு செய்யலாம் என்று ஒரு வாரம் உட்கார்ந்து பேச வேண்டும். அடுத்த தொகுதியில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சில்லறை விஷயங்கள்: ஏட்டின் எழுத்து பொடிப் பொடியாக இருக்கிறது, கைப்பேசியில் வாசிப்பது சிரமம், அச்செடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு சரியான நேரத்துக்குத் தொடங்கிச் சரியான நேரத்துக்கு முடிகிறது. பதிவு செய்வதில்லை, ஒரு வாரம் விட்டால் விட்டதுதான், ஆனால் அதனால்தான் எல்லோரும் மனம் திறந்து பேசினார்கள், மாற்ற வேண்டாம். கடைசியில் ஒரு சான்றிதழ் அனுப்புகிறார்கள், அது தேவையே இல்லை.

வாதம் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. இறையியல் ஆழமாகப் படிக்க நினைப்பவர்களுக்கும் போதாது. வேலையிடத்திலோ கல்லூரியிலோ ஒவ்வொரு நாளும் சின்னச் சின்ன இடங்களில் முழுங்கிக்கொண்டே இருக்கிறேன் என்று தோன்றுபவர்கள் தாராளமாகச் சேரலாம். முடிந்தால் உங்கள் சபையிலிருந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு சேருங்கள், ஜோடிப் பயிற்சியில் மட்டும் தெரியாதவரோடு போடச் சொல்லுங்கள், அவர்தான் மேலாளராக விட்டுக்கொடுக்காமல் நடிப்பார். எங்கள் தொகுதியில் ஆறேழு பேர் இன்னும் வாரம் ஒரு முறை அழைப்பில் கூடுகிறோம். அந்த ஒப்பந்த வேலை நண்பரும் வருகிறார், அவர் கேட்ட கேள்வியைத்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.